டிஸ்கஸுக்கு எதற்கு அபௌட்?

ஆங்கிலத்தில் பேச்சைக் குறிக்கும் வினைச்சொற்களில் பல, 'அபௌட்' என்ற துணை இல்லாமல் வெளியே கிளம்பாது. டாக் அபௌட், ஸ்பீக் அபௌட், ஆர்க்யூ அபௌட், காசிப் அபௌட். இந்தக் கூட்டத்தில் துணையே வேண்டாம் என்று தனியாகப் போகிற சொல் டிஸ்கஸ். 'வீ டிஸ்கஸ்டு தி ப்ராப்ளம்' என்றால் சரி. நடுவில் ஓர் அபௌட் நுழைந்தால் தப்பு. பள்ளிக்கூடத்தில் இவ்வளவுதான் சொல்லித் தந்தார்கள். ஏன் என்று கேட்டால், 'அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு' என்பதுதான் பதில்.

மனப்பாடம் பண்ணியவர்களும் சொல்கிறார்கள். எம்.ஏ. படித்தவர், எம்.டெக். படித்தவர், அமெரிக்காவில் பத்து வருடம் குப்பை கொட்டியவர் என்று யாரை எடுத்தாலும், கொஞ்சம் வேகமாகப் பேச ஆரம்பித்தால் அபௌட் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். இதைப் படிக்காதவர்களின் பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. பிழைக்குள் ஏதோ ஒரு நியாயம் இருந்தால்தான் இத்தனை பேர் இத்தனை காலம் அதைச் செய்வார்கள். அந்த நியாயம் என்ன என்று ஓய்வுபெற்ற பிறகு தேடிப் பார்க்க நேரம் கிடைத்தது.

முதலில் சொல்லின் பூர்வீகம். லத்தீனில் 'க்வாடெரே' என்றால் குலுக்குதல், உலுக்குதல், அடித்தல். அதோடு 'டிஸ்' சேர்ந்தால், பகுதி பகுதியாகச் சிதறும்படி உலுக்குவது. அந்தச் சொல் 'டிஸ்குடெரே'. இதே வேரிலிருந்து வந்தவைதான் மிருதங்கம், தவில் போன்ற தாள வாத்தியங்களுக்கு ஆங்கிலத்தில் சொல்லும் 'பர்கஷன்', மண்டையில் அடிபட்டால் டாக்டர் எழுதும் 'கன்கஷன்' எல்லாம். நசுக்குவதைக் குறிக்கும் ஸ்குவாஷும், நம்பச் சிரமமாக இருந்தாலும், காப்பாற்றுவதைக் குறிக்கும் ரெஸ்க்யூவும்கூட இதே குடும்பம்தான். (விளையாட்டு மைதானத்தில் எறியும் டிஸ்கஸ் வேறு. அது கிரேக்கத்திலிருந்து வந்த வட்டத் தட்டு. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றாகத் தெரிவது நம் எழுத்தின் குறும்பு.)

இந்தச் சொல்லில் ஆரம்பத்தில் பேச்சே கிடையாது. மரத்தை உலுக்குவது, கட்டியைச் சிதறடிப்பது போன்ற கைவேலைதான். பிற்கால ரோமானியர்கள் இதை ஆராய்வது, சோதிப்பது என்ற பொருளுக்குக் கொண்டுபோனார்கள். ரோமப் பேரரசின் கடைசி நூற்றாண்டுகளில் 'டிஸ்கஸர்' என்று ஓர் அதிகாரி இருந்தார். அவருடைய வேலை அரசாங்கக் கணக்குகளைத் துருவிப் பார்ப்பது. எங்கள் வங்கிப் பாஷையில் சொன்னால் இன்ஸ்பெக்டர். எங்கள் கிளைக்கு வந்த சில இன்ஸ்பெக்டர்களை நினைத்துக்கொண்டால் இந்தப் பெயர் கச்சிதமாகப் பொருந்துகிறது. அவர்கள் கணக்கைப் 'பற்றி' எதுவும் பேசுவதில்லை. கணக்கைப் பிடித்து உலுக்குவார்கள். கீழே விழுவதைப் பொறுக்கிக்கொண்டு போவார்கள்.

இதைவிடச் சுவையான ஒன்று ஜாமீன் சட்டத்தில் இருக்கிறது. ஒருவர் கடன் வாங்குகிறார், இன்னொருவர் அவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போடுகிறார். கடன் திரும்பவில்லை. வங்கி முதலில் யாரிடம் போக வேண்டும்? ஜஸ்டினியன் சக்கரவர்த்தி 535ஆம் ஆண்டில் ஒரு சட்டம் போட்டார். முதலில் கடன் வாங்கியவனைத்தான் பிடிக்க வேண்டும். அவனிடம் ஒன்றும் பெயரவில்லை என்று உறுதியான பிறகே ஜாமீன்காரரிடம் வர வேண்டும். இந்தச் சலுகைக்கு வழங்கிய பெயர்களில் இரண்டு 'எக்ஸ்குஸ்ஸியோ', 'டிஸ்குஸ்ஸியோ'. இரண்டுமே அதே க்வாடெரேயின் பிள்ளைகள். கடன்காரனின் மடியை உதறிப் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1804இல் நெப்போலியன் காலத்தில் வந்த பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பிலும் இது 'டிஸ்கஷன் சலுகை' என்ற பெயரிலேயே இடம்பெற்றது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில், கடன் கொடுத்தவர் முதலில் கடன்காரரை 'டிஸ்கஸ்' செய்ய வேண்டும் என்று ஆங்கிலத்திலேயே எழுதிவந்தார்கள். இங்கே டிஸ்கஸ் என்ற வினைக்குச் செயப்படுபொருள் ஒரு மனிதர்! அவரைப் பற்றித் திண்ணையில் உட்கார்ந்து எவ்வளவு பேசினாலும் ஒரு பைசா வராது. அவரையே டிஸ்கஸ் செய்தால்தான் வரும்.

இலங்கையில் ரோமன்-டச்சுச் சட்டம் வழங்குவதால், அங்கே வங்கிகள் ஜாமீன் பத்திரத்தில் 'இந்தச் சலுகை எனக்கு வேண்டாம்' என்று ஜாமீன்தாரரிடம் எழுதி வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டு. நம் நாட்டில் அந்தக் கஷ்டமே இல்லை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடன்காரரின் பொறுப்பும் சரிசமம் என்று சொல்லிவிட்டது. கடன்காரரை உலுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பதில்லை என்று 1960களின் இறுதியில், பேங்க் ஆஃப் பிகார் வழக்கில், உச்ச நீதிமன்றமும் தெளிவுபடுத்தியது. மச்சினனுக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ 'சும்மா ஒரு கையெழுத்துத்தானே' என்று போட்டுவிட்டு, பிறகு எங்கள் மேஜைக்கு எதிரே வந்து 'வாங்கினவன் அவன், என்னை ஏன் சார் கேட்கிறீங்க?' என்று கலங்கி நின்றவர்களுக்கு இந்த 128ஐத்தான் விளக்கிச் சொல்லியிருக்கிறேன். அதை யாரும் சந்தோஷமாகக் கேட்டுக்கொண்டதில்லை.

சொல்லுக்குத் திரும்புவோம். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் டிஸ்கஸ் ஆங்கிலத்துக்குள் வந்தது. வந்தபோது அதன் பொருள் ஆராய்வது, விசாரிப்பது. மருத்துவத்தில் வீக்கத்தைக் கரைப்பதற்கும் இதே சொல்லை வைத்துக்கொண்டார்கள். 1755இல் வெளியான சாமுவேல் ஜான்சனின் அகராதியில் ஆராய்தலும் இருக்கிறது, வீக்கத்தைக் கரைப்பதும் இருக்கிறது. டிக்கன்ஸ் காலத்து எழுத்தாளர்கள் இதை வேடிக்கையாகச் சாப்பாட்டுக்கும் பயன்படுத்தினார்கள். ஒரு புட்டி மதுவை 'டிஸ்கஸ்' செய்தார்கள் என்றால் உட்கார்ந்து காலி செய்தார்கள் என்று அர்த்தம். ஆராய்ந்தாலும், கரைத்தாலும், குடித்தாலும் ஒன்று மட்டும் மாறவில்லை. பொருளின் மேல் நேரடியாகக் கை வைக்கும் வினை இது. நம் இலக்கணத்தில் செயப்படுபொருள் குன்றா வினை என்போமே, அது. பேச்சு என்ற பொருள் கடைசியில் வந்து சேர்ந்தது; இலக்கணம் பழைய உலுக்கலுடையது.

சரி, நாம் ஏன் அபௌட்டைக் கொண்டுவந்து சேர்க்கிறோம்? தமிழில் 'அதைப் பற்றிப் பேசினோம்' என்கிறோம். 'பற்றி' இல்லாமல் 'அதைப் பேசினோம்' என்றால் பொருள் கொஞ்சம் இடறுகிறது. எனவே மனதுக்குள் 'பற்றி' ஓடும்போது நாக்கில் அபௌட் வந்துவிடுகிறது. இதில் வேடிக்கை என்னவென்றால் 'பற்றி' என்பதே ஒரு வினைதான். பற்றுதல், பிடித்தல். அதைப் பற்றிப் பேசுவதென்றால் அதைக் கையில் பிடித்துக்கொண்டு பேசுவது. 'குறித்து' என்றால் அதைச் சுட்டிக்காட்டிப் பேசுவது. ஆங்கிலத்தின் அபௌட்டோ பழைய ஆங்கிலத்தில் 'வெளிப்புறமாக, சுற்றி' என்ற பொருளில் பிறந்தது. நாம் பொருளைப் பிடித்துக்கொண்டு பேசுகிறோம், அவர்கள் பொருளைச் சுற்றிவந்து பேசுகிறார்கள். இரண்டையும் ஒன்றுக்கொன்று ஈடு என்று அகராதி போட்டுக் கொடுத்துவிட்டது.

நாம் மட்டும் இல்லை. டிஸ்குடெரே என்ற அதே லத்தீன் சொல்லை வைத்துக்கொண்டிருக்கும் ஐரோப்பிய மொழிகளையே பாருங்கள். பிரெஞ்சில் 'டிஸ்க்யூட்டே' என்ற வினைக்குப் பின்னால் 'த' என்ற முன்னிடைச்சொல் வருகிறது. இத்தாலியனில் 'தி' வருகிறது. ஸ்பானிஷில் 'ஸோப்ரே' வரலாம். ஜெர்மானியர்கள் 'யூபர்' போட்டு டிஸ்கஸ் செய்கிறார்கள். கிட்டத்தட்ட நம்முடைய அபௌட்டேதான். லத்தீனின் சொந்தப் பேத்திகளே துணைச்சொல்லோடு நடமாடும்போது, மாமியார் வீட்டுக்குக்கூடப் போகாத நாம் அதைச் செய்தால் என்ன பெரிய குற்றம்? ஆங்கிலமும் யோக்கியம் இல்லை. ஜேன் ஆஸ்டின் காலத்தில் 'அக்செப்ட் ஆஃப்' என்று எழுதினார்கள். இன்று அந்த 'ஆஃப்' போய்விட்டது. இங்கிலாந்து நீதிமன்றங்களில் ஜூரிகள் தீர்ப்பைக் 'கன்சிடர் ஆஃப்' செய்யப் போனார்கள். மற்ற இடங்களில் அந்த 'ஆஃப்' காணாமல் போய் நெடுநாள் ஆகிறது. ஆங்கிலேயர் ஒரு முடிவை 'எதிர்த்து' அப்பீல் செய்வார்கள், அமெரிக்கர்கள் முடிவையே அப்பீல் செய்வார்கள். இந்தச் சின்னச் சொற்கள் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் மாதிரி, வருவார்கள், போவார்கள்.

ஆனால் நம் ஊரில் இந்தச் சின்னச் சொல் வெறும் இலக்கணமாக மட்டும் இருந்ததில்லை. 1835இல் மெக்காலேயின் குறிப்பைத் தொடர்ந்து அரசாங்கப் பணம் ஆங்கிலக் கல்விக்குத் திரும்பியது. 1844இல் ஹார்டிஞ்ச் பிரபு, ஆங்கிலம் படித்தவர்களுக்கே அரசு வேலையில் முன்னுரிமை என்று அறிவித்தார். 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் வந்தது. அன்று முதல் ஒரு முன்னிடைச்சொல் தப்பினால் மதிப்பெண் போகும், மதிப்பெண் போனால் உத்தியோகம் போகும், உத்தியோகம் போனால் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தே மாறும். பம்பாய் சிவில் சர்வீசில் இருந்து ஓய்வுபெற்ற விட்வொர்த் என்பவர் 1907இல், இந்தியர்கள் எழுதும் ஆங்கிலத்தின் மரபுப் பிழைகளை ஆராய்ந்து தனிப் புத்தகமே போட்டார். இந்தியர்களில் பலர் ஆங்கிலத்தை ஆளும் விதம் வியப்புக்குரியது என்று பாராட்டிவிட்டுத்தான் பிழைகளுக்குள் போனார், அந்த மரியாதையைச் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு நெஸ்ஃபீல்டு இலக்கணம், அதன் பிறகு ரென் அண்டு மார்ட்டின். என் தலைமுறைக்கு ரென் அண்டு மார்ட்டின் வேதப் புத்தகம். (அந்த ரென்தான் 'போ ஜெஸ்ட்' என்ற சாகச நாவலை எழுதியவர். பாலைவனத்தில் சண்டை போடும் வீரர்களைப் பற்றி எழுதிய கையால்தான் நம்மை வேலை வாங்கினார்.) அந்த மாதிரிப் புத்தகங்களில் 'தகுந்த முன்னிடைச்சொல்' என்று அகர வரிசையில் நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். எந்தச் சொல்லோடு 'டு', எந்தச் சொல்லோடு 'வித்', எந்தச் சொல்லோடு 'ஆஃப்' என்று ராகம் போட்டு ஒப்பிப்போம். பரீட்சையில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். இதில் ஒரு கோளாறு இருப்பதாக எனக்குப் படுகிறது. முன்னிடைச்சொல் வேண்டாத வினைக்கு அந்தப் பட்டியலில் இடம் ஏது? கோடு என்று ஒன்று இருந்தால் அதை நிரப்பியே ஆக வேண்டும். சும்மா விட்டால் மதிப்பெண் கிடையாது. இப்படிப் பத்து வருடம் பழகிய மாணவன், வினைக்குப் பின்னால் காலியிடம் கண்டால் எதையாவது வைத்து நிரப்பத்தானே செய்வான்?

இந்த நோய்க்கு மருந்து கண்டவர்களில் ஒருவர் ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ. எஸ். ஹார்ன்பி. எந்த வினை எந்த அமைப்பில் வரும் என்று ஒவ்வொரு சொல்லுக்கும் குறியீடு கொடுத்து, கற்பவர்களுக்காகவே ஓர் அகராதி தயாரித்தார். அது 1942இல் டோக்கியோவில் வெளியானது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பாக உலகம் சுற்றியது. ஆங்கிலேயனுக்காக எழுதிய அகராதி பொருளை மட்டும் சொன்னால் போதும். மற்றவர்களுக்கு, சொல்லைக் கையாளும் முறையையும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம் மாநிலத்திலும் 1950களின் இறுதியில், ஆங்கிலத்தை வாக்கிய அமைப்புகளாகப் பழக்க 27,000 ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் முயற்சி நடந்தது. சிலருக்குக் கற்பித்து, அவர்கள் பலருக்குக் கற்பித்து, பனிக்கட்டி உருண்டு பெருப்பதுபோலப் பெருக வேண்டும் என்ற எண்ணத்தில் அதற்கு 'மதராஸ் ஸ்நோபால்' என்று பெயர் வந்தது. மதராஸ் வெயிலில் பனிக்கட்டி!

வங்கியில் ஒருமுறை பதவி உயர்வு நேர்காணலில் குறிப்பெடுக்க என்னை உட்கார வைத்திருந்தார்கள். கிராமக் கிளை ஒன்றிலிருந்து ஒரு இளைஞர் வந்தார். பயிர்க்கடன் வசூலில் அந்த வட்டாரத்திலேயே நல்ல பெயர் அவருக்கு. எப்படி வசூல் செய்தீர்கள் என்று கேட்டார்கள். 'வீ டிஸ்கஸ்டு அபௌட் தி ஓவர்டியூஸ் வித் தி ஃபார்மர்ஸ்' என்று உற்சாகமாக ஆரம்பித்தார். குழுவிலிருந்த ஒரு பெரியவர் கையை உயர்த்தி நிறுத்தி, 'டிஸ்கஸுக்கு எதற்கு அபௌட்?' என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அந்தப் பையன் ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய்க்குள்ளேயே திருத்திப் பார்த்துவிட்டுப் பேசினார். பாதி வாக்கியம் வெளியே வரவே இல்லை. களத்துமேட்டில் உட்கார்ந்து அறுவடைத் தேதியைக் கேட்டு அதற்கேற்பத் தவணை பிரித்த கதையை, பிறகு வராந்தாவில் என்னிடம் தமிழில் சொன்னார். அருமையான கதை. உள்ளே அது யாருக்கும் போய்ச் சேரவில்லை. அந்த ஆண்டு பட்டியலில் அவர் பெயர் இல்லை.

பெரியவர் சொன்ன இலக்கணம் சரிதான், அதில் சந்தேகமில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது அபௌட் கூடாது. ஆனால் எதற்கு என்று கேட்டவருக்கே பதில் தெரிந்திருந்ததா என்பது வேறு விஷயம். அவரிடமே, 'எ டிஸ்கஷன் அபௌட் ஓவர்டியூஸ்' என்று பெயர்ச்சொல்லாகச் சொன்னால் அபௌட் ஏன் சரியாகிவிடுகிறது என்று அந்தப் பையன் திருப்பிக் கேட்டிருந்தால் நேர்காணல் கொஞ்சம் சுவாரசியமாகப் போயிருக்கும்.

இதற்கு விடை தமிழிலேயே இருக்கிறது. டிஸ்கஸ் என்றதும் நாம் 'பேசு' என்று மொழிபெயர்த்துக்கொள்கிறோம், வினை அங்கே ஆரம்பிக்கிறது. 'கலந்து பேசு' என்பதும் உதவாது. தமிழன் கலக்கிறான், லத்தீன்காரன் பிரித்துச் சிதறடிக்கிறான்; திசையே எதிர். சரியான சொல் 'அலசு'. துணியைத் தண்ணீரில் போட்டு இப்படியும் அப்படியும் உலுக்கி அழுக்கைப் பிரிப்பது அலசல். க்வாடெரேக்கு இதைவிடப் பொருத்தமான உறவு கிடைக்காது. பிரச்சினையை அலசினோம் என்கிறோம். துணியைப் பற்றி அலசினோம் என்று எந்த அம்மாவும் சொன்னதில்லை. 'பிரச்சினையை' என்ற இரண்டாம் வேற்றுமையோடு வேலை முடிந்தது. அதே அலசு பெயர்ச்சொல்லானால், 'பிரச்சினை பற்றிய அலசல்' என்கிறோம். உடனே 'பற்றிய' உள்ளே வந்துவிடுகிறது. டிஸ்கஸுக்கு அபௌட் இல்லை, டிஸ்கஷனுக்கு உண்டு என்ற ஆங்கில விதி அப்படியே நம் வீட்டுக் கொல்லைப்புறத் துவைகல்லில் கிடக்கிறது. (இப்போது தொலைக்காட்சியில் 'அதைப் பற்றி அலசுவோம்' என்றும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அவர்கள் கணக்கு வேறு.) என் பேத்திக்கு இதைச் சொன்னேன். ரிக்வெஸ்ட், ஆர்டர், ஆன்ஸர், அட்டாக் எல்லாமே இப்படித்தானே தாத்தா, வினையாக இருந்தால் துணை வேண்டாம், பெயராக இருந்தால் வேண்டும் என்று அவளே மளமளவென்று அடுக்கினாள்.

அலுவலகக் கோப்புகளில் மேலதிகாரிகள் ஓரத்தில் எழுதும் 'ப்ளீஸ் டிஸ்கஸ்' என்ற குறிப்பை அரசு ஊழியர்களும் வங்கிக்காரர்களும் மறந்திருக்க மாட்டார்கள். செயப்படுபொருள் குன்றா வினை, ஆனால் செயப்படுபொருள் எழுத்தில் எங்கும் இல்லை. அபௌட்டைப் பிடித்துச் சிரிப்பவர்களும் இதைத்தான் எழுதுவார்கள். கோப்பே செயப்படுபொருள், அது கையில்தானே இருக்கிறது என்று வாதாடலாம், ஏற்றுக்கொள்ளக்கூடிய வாதம்தான். பேசி முடித்தபின் என்ன முடிவானது என்று அந்தக் குறிப்புக்குக் கீழே எழுதி வைக்க வேண்டும் என்பது நடைமுறை. நான் பார்த்த பல கோப்புகளில் அந்த இடம் வெறுமையாகவே இருந்தது.